திராஸில் நட்ட கல்

அக்ரஹாரம், மைசூரு
7.1.2024

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

சிவகுமாரின் மகள் தாரணி எழுதுகிறேன். இங்கே அப்பாவும் நானும் சுகம். மார்டள்ளியில் நீங்களும் பெரியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? சந்தோஷ்குமார் அண்ணன் பொங்கலுக்கு வருகிறாரா?

அம்மாவின் காரியத்துக்கு வந்தபோது நீங்கள் பந்தலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு மூன்று வருடமாக உங்களைப் பார்க்கவில்லை. போன் செய்யலாம் என்றால் உங்களுக்குக் காது கேட்காது. பெரியம்மா எடுத்தால் எனக்கு "நல்லா இருக்கீங்களா"வுக்கு மேல் வாய் வராது. எழுதினால் கொஞ்சம் வருகிறது.

விஷயம் இதுதான். கார்கில் சண்டை முடிந்து வரும் ஜூலையோடு இருபத்தைந்து வருடம். நீங்களும் அப்பாவும் ஒரே பீரங்கியில் இருந்தவர்கள். கார்கில் பக்கத்துத் திராஸில் அந்த இடத்துக்கு ஒரு தடவை போய்வர வேண்டும் என்று நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே அப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். "அங்க ஒரு வேல பாக்கி கெடக்குது கண்ணு. அத முடிச்சிட்டு வந்து மத்ததப் பாக்கலாம்" என்பார். கூரை ஒழுகுவதும் அதற்குப் பிறகுதான். நான் பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனியாக எழுதுவதும் அதற்குப் பிறகுதான். அம்மா படுத்தபோது ஒன்பதாவதோடு நின்றவள் நான். இப்போது வயது பதினேழு. இன்னும் அந்தப் "பிறகு" வரவில்லை.

அதனால் இந்த ஜூன் மாதம் நானே அப்பாவை அழைத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்திருக்கிறேன். பீரங்கி நின்ற இடம் எதுவென்று அப்பாவுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியின் பின்னால் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து போனாராம். பீரங்கியை இழுத்த வண்டியை ஓட்டியவர் நீங்கள். பாதை உங்களுக்குத்தான் தெரியும். ஒரு படம் வரைந்து அனுப்புங்கள். நீங்களும் கூட வந்தால் இன்னும் நல்லது.

பதிலை நான் வேலை செய்யும் ஊதுபத்திக் கூடத்தின் விலாசத்துக்கு எழுதுங்கள். எல்லாம் கூடிவந்த பிறகு அப்பாவிடம் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம்.

தாரணி


மார்டள்ளி
29.1.2024

சிரஞ்சீவி தாரணிக்குப் பெரியப்பாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. எழுத்து உன் அப்பன் எழுத்தைப் போலவே சாய்ந்திருக்கிறது. இங்கே நாங்கள் நலம். சந்தோஷ்குமார் பொங்கலுக்கு வரவில்லை, லீவு இல்லையாம்.

இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. கிணற்றில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இல்லை. விளைந்த நாலு மூட்டை மக்காச்சோளத்தையும் யானை வந்து மிதித்துவிட்டுப் போனது. பட்டாசு வெடித்தார்களாம். எனக்கு எங்கே கேட்கிறது? காலையில் போய்த்தான் பார்த்தேன். செண்டுமல்லி போடலாமா என்று யோசிக்கிறேன். விலை எப்படி இருக்குமோ.

திராஸ் குளிர் ஜூனிலும் எலும்பில் இறங்கும். உன் அப்பனுக்கு நெஞ்சு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். யோசித்துச் செய்.

வேலைக்கு நடந்து போகிறாயா, பஸ்ஸா? ரோட்டில் பார்த்துப் போ.

பழனி


அக்ரஹாரம், மைசூரு
6.2.2024

பெரியப்பாவுக்கு வணக்கம்.

நலமா என்று கேட்டால் யானை நலத்தையும் சேர்த்து எழுதுகிறீர்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன், படம் இல்லை. ஊதுபத்திக் கூடத்தில் சொர்ணலதா அக்கா, "போஸ்ட்ல லெட்டர் எழுதற மாப்பிள்ளை எந்த ஊருடி? ரொம்பக் கஞ்சனா இருப்பான் போல" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டாள். நான் செண்டுமல்லியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டூர் ஆபீஸ் வைத்திருக்கும் மஞ்சுநாத் என்பவரிடம் போனேன். பதினொரு நாள், எட்டுக் கோயில், இரண்டு ஏரி என்று படித்தார். "திராஸ்?" என்றேன். "அதுவும் உண்டும்மா. இருபது நிமிஷம் வண்டி நிக்கும், போட்டோ எடுத்துக்கலாம்" என்றார். இருபது நிமிடத்தில் அப்பா எதைத் தேடுவார்?

அவர் தேடப் போவது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் அப்பா சொன்னபடியே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள். ஓடையிலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்றை எடுத்து வந்து, நீங்கள் இரண்டு பேரும் பீரங்கிக்குப் பக்கத்தில் நட்டீர்கள். மாதேஸ்வரன் மலை விபூதியைப் பூசி, தினமும் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டீர்கள். காதில் அடிபட்டு உங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு ஒரு நாள் பார்த்தால் கல் இல்லை. குண்டு விழுந்த அதிர்வில் எங்கோ உருண்டுவிட்டது என்று அப்பா நினைத்தார். தேட நேரமில்லை. சில நாளில், உங்களோடு அதே பீரங்கியில் இருந்த உமேஷ் மாமா இறந்துபோனார். அப்புறம் பீரங்கியை வேறு இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

"சாமின்னு ஒரு தடவ கும்பிட்ட கல்ல அனாதையா விட்டுட்டு வரக்கூடாது. தலையில பூ வெச்சிக் கேக்கணும். வலப்பக்கம் விழுந்தா எடுத்துக்கலாம். இடப்பக்கம் விழுந்தா அங்கேயே இருந்து கும்பிடணும். நான் கேக்கவும் இல்ல, எடுக்கவும் இல்ல" என்பது அப்பாவின் பேச்சு. அம்மா போனதற்கும் அதுதான் காரணம் என்று அவர் வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் வீட்டில் எது கெட்டாலும் வடக்குப் பக்கம் பார்ப்பார்.

டாக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். "அவ்வளவு உயரத்துக்கு இந்த வருஷம்னா மாத்திரையோட அனுப்பலாம். அடுத்த வருஷம்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அதனால் படம் வேண்டும். பெரியம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

தாரணி


மார்டள்ளி
18.3.2024

சிரஞ்சீவி தாரணிக்கு ஆசீர்வாதம்.

பதில் எழுதத் தாமதம். பெரியம்மாவுக்கு முழங்கால் அப்படியேதான். கிணறு வற்றிவிட்டது. டேங்கர் தண்ணீர் வாரம் ஒரு முறை வருகிறது.

படம் கேட்டாய். பின்பக்கம் வரைந்திருக்கிறேன். அங்கே கல் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். இத்தனை வருடப் பனியில் எது எங்கே போயிருக்கும் என்று யார் கண்டது. உன் அப்பன் இன்னும் அந்தக் கல்லைப் பற்றிப் பேசுகிறானா? அடிக்கடியா? மறக்கச் சொல்.

நான் வர முடியாது. காலையில் வயலோரம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றும் வேலை ஒன்று எனக்கு இருக்கிறது. ஒரு நாளும் விட்டதில்லை. அதை வேறு யாரிடமும் விட முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பழனி


அக்ரஹாரம், மைசூரு
25.3.2024

பெரியப்பாவுக்கு,

எல்லோரும் சுகம்.

நீங்கள் வரைந்த படத்தில் ஸ்ரீநகர், ஒரு கோடு, திராஸ், நினைவுச் சின்னம் இருக்கின்றன. இவ்வளவும் மஞ்சுநாத்தின் சுவரில் ஒட்டியிருக்கும் காலண்டரிலேயே இருக்கிறது. பீரங்கி எங்கே நின்றது? எந்தப் பாலம், எத்தனையாவது வளைவு, ரோட்டுக்கு எந்தப் பக்கம்? இதைத்தான் ஜனவரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்ற பெரியம்மாவால் முடியாதா? அப்படி என்ன செடி அது?

ஜூன் 20-க்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன். மூன்றாவது உங்கள் பெயரில். கீழ்ப் படுக்கை கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். அவர் வாட்ச்மேன் வேலை பார்க்கும் பேங்கில் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இரும்புப் பெட்டியிலிருந்து பழைய கம்பளி மேல்சட்டையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். பூச்சி அரித்து முதுகில் இரண்டு ஓட்டை. "பரவால்ல, காத்து வேணுமில்ல" என்று சிரிக்கிறார். அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகிறது. உங்களைப் பற்றி, "பழனியண்ணன் வந்தா கண்ண மூடிக்கிட்டே வண்டி நின்ன எடத்தக் காட்டும்" என்கிறார்.

எனக்கு யாரிடமும் வற்புறுத்திக் கேட்கத் தெரியாது. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடப் பேசாமல் வந்துவிடுவேன். உங்களிடம் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

தாரணி


(அஞ்சல் அட்டை)
மைசூரு, 20.4.2024

பெரியப்பா, நலம். நலமறிய ஆவல். பதில் இல்லை. அப்பா மாத்திரையை ஆரம்பித்துவிட்டார். தினமும் சாமுண்டி மலைப் படியில் நூறு ஏறி இறங்கிப் பழகுகிறார், மூச்சு வாங்குகிறது. "அண்ணன் எழுதிச்சா?" என்று கேட்கிறார். நான் "தபால் லேட்" என்கிறேன். இன்னும் எத்தனை தடவை சொல்வது? - தாரணி


மார்டள்ளி
6.5.2024

சிரஞ்சீவி தாரணிக்கு,

இரண்டு பேரும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம் என்று எழுத முடியவில்லை.

அட்டையைப் பெரியம்மாதான் தபால்காரரிடம் வாங்கினாள். அவளுக்குப் படிக்க வராது. பக்கத்து வீட்டு ஜோதிமணியிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என் முகத்துக்கு நேராக வந்து நின்று, எனக்குப் புரியும்படி உதட்டை விரித்து, "அந்தப் புள்ள என்ன கேக்குது உங்கள? எதுக்கு ஓடி ஒளியறீங்க?" என்றாள். ஒரு வாரமாக அதே கேள்வி. காது கேட்காதவனுக்கும் தப்பிக்க வழியில்லை.

அந்தக் கல் அங்கே இல்லை. இங்கே இருக்கிறது. என் வயலின் வடக்கு வரப்பில், வேப்பமரத்தடியில். நான் தண்ணீர் ஊற்றுவது செடிக்கு அல்ல.

என் வண்டிக்குப் பக்கத்தில் குண்டு விழுந்தது ஜூன் மாதம். இரண்டு காதிலும் ரத்தம். ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. உன் அப்பனும் உமேஷும் மற்றவர்களும் பீரங்கியோடு இருந்தார்கள், திரும்பிப் பார்க்க நேரமில்லை. நான் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். பாறை இடுக்கில் சின்ன ஊதாப் பூ ஒன்று அங்கே பூக்கும். அதைப் பறித்துத் தலையில் வைத்து, "கூட வர்றியா" என்று கேட்டேன். இடப்பக்கம் விழுந்தது. இருந்தாலும் எடுத்துக்கொண்டேன். பைக்குள் சட்டையில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

பயம்தான், வேறு ஒன்றுமில்லை. பீரங்கியில் இருந்த ஆறு பேருக்கும் என்று நட்ட சாமியை என் ஒருவனுக்காகத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஒன்பதாம் நாள் உமேஷ் போனான். ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியில் யாரோ காகிதத்தில் எழுதிக் காட்டினார்கள். அன்றைக்கு அந்தக் கல் என் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

உன் அப்பன் திரும்பி வந்து, கல்லை அங்கேயே விட்டுவிட்டோமே என்று அழுதபோது நான் சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் சொல்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. உன் அம்மா கனகாவின் காரியத்தில் பந்தலுக்குள் வர எனக்குக் கால் வரவில்லை.

இவ்வளவுதான். உன் அப்பனிடம் சொல்வதும் சொல்லாததும் இனி உன் கையில்.

பழனி


அக்ரஹாரம், மைசூரு
27.5.2024

பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவுக்கு முதலில் என் வணக்கம்.

உங்கள் கடிதம் பதினொரு நாள் ஊதுபத்திக் கட்டுகளுக்கு அடியில் கிடந்தது. "உன் கையில்" என்று எழுதிவிட்டீர்கள். அந்தக் கையில் தினமும் மூவாயிரம் பத்தி எண்ணிக் கட்டுகிறேன். அந்த நாட்களில் எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. சொர்ணலதா அக்காகூடக் கேலியை நிறுத்திவிட்டாள். நீங்கள் இருபத்தைந்து வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை, கடையில் சில்லறை கேட்கத் தெரியாத என்னிடம் தள்ளிவிட்டீர்கள். இதை எழுதாமல் மேலே எழுத எனக்கு வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா யூனிபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். துணி தீயும் வாசனை வந்ததும் ஓடி வந்தேன். இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேலேயே இருந்தது. அவர் இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

முதலில் கேட்டது இதுதான்: "அண்ணன் அதுக்குத் தண்ணி ஊத்துதா?"

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைக் காட்டினேன். "கெணறு வத்தியுமா?" என்றார். ஆமாம் என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு சாப்பிடாமல் வெளியே போய்விட்டார்.

மத்தியானம்தான் வந்தார். வந்ததும் கத்தினார். "அம்பது பைசா. கார்டு அம்பது பைசாதான். 'கல்லு என்கிட்ட இருக்குது'ன்னு ஒரு வரி. உங்கம்மா செத்ததுகூட என்னாலன்னு நெனச்சிட்டிருந்தேன்." அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் சோறு போட்டேன். பாதிச் சாப்பாட்டில் சிரித்தார். எனக்குப் பயமாகிவிட்டது. "உமேஷ் என்ன பண்ணுவான் தெரியுமா? அந்தக் கல்லு மேலதான் உக்காந்து டீ குடிப்பான். நானும் பழனியண்ணனும் திட்டாத திட்டில்ல. 'சாமிக்குக் குளிருது, சூடு பண்ணிக் குடுக்கறேன் மாராயா'ன்னு கன்னடத்துல கொஞ்சுவான். அவனப் போய் இந்தக் கல்லு காப்பாத்தலன்னு இந்த மனுசன் இத்தன வருசமா..." அதற்கு மேல் இருமல் வந்துவிட்டது. இருமலா அழுகையா என்று நான் பார்க்கவில்லை.

டிக்கெட்டை ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? கல்லு இல்லாட்டி என்ன, உமேஷ் அங்கதான இருக்கான்" என்றார்.

அவர் உங்களுக்குச் சொல்லச் சொன்னது: கல்லை எடுத்து வர வேண்டும். எடுத்த இடத்திலேயே வைத்து, மூன்று பேரும் ஒரு நாள் இருந்து கும்பிட வேண்டும். புறப்படுவதற்கு முன்னால் பூ கேட்க வேண்டும். "இந்தத் தடவ ஒழுங்காக் கேக்கச் சொல்லு" என்றார். உங்களிடம் நேரில் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. ரயிலில் மூன்று நாள் எதிரெதிரே உட்கார வேண்டும். உங்களுக்கு எழுதிக் காட்டுவதற்கு நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. நேற்று என் தேர்வு விண்ணப்பத்தை அப்பா கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "போய் வந்த பிறகு" என்று சொல்லவில்லை.

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. கல் கனமாக இருந்தால் நீங்களே தூக்குங்கள். அப்பாவுக்கு மூச்சு வாங்கும். நான் தூக்க மாட்டேன்.

படத்தையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.

தாரணி


மார்டள்ளி
8.6.2024

சிரஞ்சீவி தாரணிக்கும் என் தம்பி சிவகுமாருக்கும்,

பெரியம்மாவின் முழங்கால் தேவலை. போன வாரம் நல்ல மழை. கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது.

படம் இத்துடன் இருக்கிறது. திராஸுக்கு முன்னால் இரும்புப் பாலம். அதைத் தாண்டி மூன்றாவது வளைவு, இடது கைப்பக்கம் ஓடை. பெருக்கல் குறி போட்ட இடம் பீரங்கி, புள்ளி வைத்தது கல். பக்கத்தில் சின்ன வட்டம் போட்டது உமேஷின் டீக் கெட்டில். அவன் கல் மேல் உட்காருவதை நான் மறந்தே போயிருந்தேன். சிவகுமார் சொன்ன பிறகு அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கல் நாலு கிலோ இருக்கும். நானே தூக்குவேன். 19-ஆம் தேதி சாயங்காலம் மைசூருக்கு வந்துவிடுகிறேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். இந்தத் தடவை பந்தல் இல்லை, நேராக வீட்டுக்குள் வருவேன்.

பூ கேட்டேன். முதல் நாள் செண்டுமல்லி வைத்துவிட்டு வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தேன், அசையவில்லை. இரண்டாம் நாள் இடப்பக்கம் விழுந்தது. கல்லைத் தொடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். சாமிக்கு என்மேல் கோபம் என்றால் அது நியாயம்தான் என்று உன் பெரியம்மா மல்லம்மாவிடம் சொன்னேன்.

இன்று காலை அவளும் கூட வந்தாள். குளித்துவிட்டு, பூ வைத்து, உமேஷ் இருக்கும் இடத்துக்குத்தான் போகிறோம், உன்மேல் உட்கார ஆள் இல்லாமல் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம் விழுந்தது. "காத்து அடிச்சுதுங்க, நான் பாத்தேன்" என்றாள் மல்லம்மா.

அடித்தது. நானும் பார்த்தேன். இருந்தாலும் எடுத்துக்கொண்டேன்.

பழனி